தெருவைக் கேட்டுவிட்டீர்களா?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் வசித்துக்கொண்டு, பிறர் வீட்டு நாய்களை வாக்கிங் அழைத்துச் செல்வதையே ஒரு ஜீவனோபாயமாகக் கொள்ளலாமா என்று யோசித்துவரும் இளைஞர்களுக்கு,

சென்ற வாரம் ஜங்ஷன் சாலை டீக்கடையில் உங்களில் நால்வர் இந்த விஷயத்தைப் பற்றி வெகு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒட்டுக்கேட்பது மரியாதையன்று என்பது நன்றாகத் தெரிந்திருந்தும், பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு நாய்க்கு மாதத்துக்கு இவ்வளவு வாங்குகிறார்களாம், மூலதனம் என்று பார்த்தால் ஒரு கயிறும் இரண்டு கால்களும்தானாம், நம் ஊரிலும் லாப்ரடார் வளர்க்காத டாக்டர் வீடு உண்டா என்றெல்லாம் கணக்குப் போட்டீர்கள். அந்தப் பேச்சில் நாய் வந்தது, பணம் வந்தது, விசிட்டிங் கார்டில் என்ன படம் போடுவது என்பதுகூட வந்தது. தெரு மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. இந்த மடலை எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் நம் பேட்டையில் பிளாஸ்டர் அச்சுச் செய்து பிழைத்தவன். காதைத் தொங்கவிட்டு, கழுத்தில் நீலப் பட்டையோடு, ஜோடி ஜோடியாக ஷோகேஸ்களில் உட்கார்ந்திருக்குமே பீங்கான் நாய், அதை எத்தனை ஆயிரம் வார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த நாய்களுக்கு வாக்கிங் தேவைப்பட்டதில்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் சிங்கப்பூருக்கு உத்தியோகமாகப் போனபோது தன் லாப்ரடார் ஜூலியை என்னிடம் விட்டுப் போனாள். அன்று முதல் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நான் ஒரு கயிற்றின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன். ஆகவே உங்களுக்கு வாடிக்கையாளனாக வரக்கூடியவனும் நானே. உங்கள் தொழிலை மூன்று வருஷமாகக் கூலியில்லாமல் செய்துவருபவனும் நானே.

இந்தத் தொழில் புதியதென்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர்கள் இந்நாட்டில் பங்களா கட்டி வாழ்ந்த காலத்தில், சமையல்காரன், தோட்டக்காரன், பங்கா இழுப்பவன் என்று நீண்ட பரிவாரத்தில் நாயைக் குளிப்பாட்டி நடத்திவருவதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். வடக்கே அவனுக்கு ‘டோரியா’ என்று பெயர். கயிற்றைக் குறிக்கும் ‘டோரி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நாயின் பெயரால் அன்றி, கையிலிருந்த கயிற்றின் பெயரால் அந்த மனிதனை அழைத்தார்கள் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவன் பிறரிடம் ஏவல் செய்தவன். நீங்கள் விலை சொல்லி வேலை செய்யப்போகிறவர்கள். அந்த மாற்றத்தை உலகத்துக்குக் காட்டியவர் நியூயார்க்கில் இருந்த ஜிம் பக் என்பவர். 1960களின் தொடக்கத்தில் மின்னணுச் சாதனங்கள் விற்கும் வேலையை உதறிவிட்டு, கோட்டும் டையுமாக, ஒரே சமயத்தில் பல நாய்களின் கயிறுகளைக் கையில் பிடித்துக்கொண்டு பணக்காரர் வீதிகளில் நடந்தார். அந்நகரத்தில் இதை ஒரு தொழிலாக்கியவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். இன்று சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், ஒரே நேரத்தில் நான்கு நாய்களையோ அதற்கு மேற்பட்டவற்றையோ காசு வாங்கிக்கொண்டு நடத்துபவர் நகராட்சியின் அனுமதி பெற வேண்டும், எட்டுக்கு மேல் கூடாது என்று 2013 முதல் சட்டமே இருக்கிறது.

இதைப் படித்தவுடன் உங்கள் மனத்தில் எழும் கணக்கு எனக்குத் தெரியும். டீக்கடையில் எழுந்ததும் அதுதான். ஒரு நாய்க்கு அரை மணி நடை, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய் மணியடித்துக் கயிறு மாட்டக் கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் காலையில் நடக்கத்தக்க நேரம் ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, தனித்தனியே நடத்தினால் ஒருவருக்கு மூன்று நாய், வீடுகள் அடுத்தடுத்து அமைந்தால் மிஞ்சிப்போனால் நான்கு. மாதம் நாய்க்கு இரண்டாயிரம் ரூபாய் என்று கேட்டு, வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் கொடுத்தாலும், எண்ணாயிரத்தில் நிற்கிறது. இருபது வீடு வந்து காத்திருந்தாலும் காலை நேரம் இரண்டரை மணிக்கு மேல் நீளப்போவதில்லை. அப்போதுதான் அந்த ஆசை வருகிறது: ஐந்து நாயை ஒன்றாகக் கட்டி இழுத்துப்போனால் என்ன?

இங்கேதான் தெரு குறுக்கே வருகிறது. ஜிம் பக் நடந்த வீதியில் அவருடைய நாய்களைத் தவிர வேறு நாய் அதிகம் இருந்திராது. இருந்தாலும் அதுவும் பெரும்பாலும் ஒருவர் கையில் கயிற்றோடு இருந்திருக்கும். நம் தெருவோ குடியிருப்பவர்கள் உள்ள தெரு. தென்கோட்டை வீதியில் எந்தத் திருப்பத்திலிருந்து எந்த மின்கம்பம் வரை யாருடைய எல்லை என்பது அங்கே படுத்திருக்கும் நாய்களுக்குத் தெரியும். 2023 ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டபின், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொல்லி 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டதுண்டு. மற்றபடி நம் வீதியில் படுத்திருக்கும் தெருநாய்க்கு அந்த வீதி சட்டப்படியே வாசஸ்தலம். வாடகைக்கு வந்த நீங்கள், நிரந்தரக் குடியிருப்பாளனின் வாசலில், சோப்புப் போட்டுக் குளித்த ஓர் அந்நியனை அழைத்துக்கொண்டு தினமும் போகப்போகிறீர்கள். ஒன்றை அழைத்துப் போனால் அவன் முறைப்பான். ஐந்தை அழைத்துப் போனால் அது படையெடுப்பு. ஆகவே ஒருவர் கையில் ஒரு கயிறு என்பதே விதி.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். குற்றம் முழுவதும் என்னுடையது. போன மார்கழியில் ஒருநாள், பாலக்கரைப் பக்கமாக ஆற்றை நோக்கித் திரும்புகிற இடத்தில், வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணல்மேட்டின்மேல் மூன்று நாய்கள் சுருண்டு கிடந்தன. அவற்றில் ஒன்று இடது காது நுனியில் வெட்டுள்ள கறுப்பு நாய். காதில் அந்த வெட்டு இருந்தால் கருத்தடை ஆயிற்று என்று அடையாளம். பனி கொட்டிக்கொண்டிருந்தது, கை விறைக்கிறதே என்று கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கையைச் சால்வைக்குள் விட்டிருந்தேன். கறுப்பு நாய் குரைக்கவில்லை. எழுந்து நின்றது, வாலைக் கொடிமரம் போல் நிமிர்த்தியது, அவ்வளவுதான். ஜூலி ஒரு கணம் சிலையாக நின்றாள்; அடுத்த கணம் முப்பது கிலோ கனமும் பின்புறமாக இழுத்தது. கயிறு விரலை இறுக்கி, தோலை உரித்துக்கொண்டு, என்னை முழங்கால் படத் தரையில் தள்ளியது. அவள் தலையைக் குனிந்து பின்வாங்கினாள். தளர்வாக மாட்டியிருந்த பெல்ட் காது வழியாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. அங்கிருந்த டீக்கடைக்காரர் ஒரு குவளைத் தண்ணீரை மூன்று நாய்கள்மீதும் வீசியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமென்று நினைக்கப் பிடிக்கவில்லை. ஜூலி கிடைத்தது இரண்டு மணி நேரம் கழித்து, நம் பேட்டையில். முதல்நாள் இரவு எரித்து ஆறிக்கொண்டிருந்த ஒரு சூளையின் சுவரோரம், வாட்ச்மேன் நாயின் பக்கத்தில், கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

ஆகவே, கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு மடித்துப் பிடியுங்கள். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. பின்வாங்கும் சுபாவமுள்ள நாய்க்கு மார்போடு மாட்டுகிற பட்டையே உத்தமம். முதல் வாடிக்கையாளரைத் தேடுவதற்கு முன் ஒரு மாதம், நாயே இல்லாமல், நீங்கள் நடக்கப்போகிற வழியில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். எந்தத் திருப்பத்தில் எத்தனை நாய், அவற்றுக்குச் சோறு போடும் பாட்டி யார், எந்த நேரத்தில் போடுகிறாள், குட்டி போட்ட பெட்டை எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் மனப்பாடமாக வேண்டும். அந்தப் பாட்டியின் சிநேகம் உங்களுக்கு எந்த விளம்பரத்தையும்விட உபயோகமானது. அவசரப்பட வேண்டாம்: ஈரம் முழுக்கக் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் என்ன ஆகுமென்று உங்களில் செராமிக் பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது வெடிப்பதோடு நில்லாமல் பக்கத்திலிருப்பவற்றையும் கெடுக்கும்.

தெருவில் இருப்பது நாய்கள் மட்டுமா? மார்கழியில் நம் தெருக்களில் வாசலுக்கு வாசல் கோலமும், நடுவில் சாணிப்பிள்ளையார்மேல் பூசணிப்பூவும் இருக்கும். ஒரு பெண் குனிந்து ஒரு மணி நேரம் இழைத்த கோலத்தின்மீது உங்கள் வாடிக்கையாளரின் நாய் காலைத் தூக்கிவிட்டதென்றால், அந்த வீதியில் உங்கள் வியாபாரம் அன்றோடு சமாப்தி. பழைய நாளிதழும் பிளாஸ்டிக் உறையும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். நாய் கழித்ததைக் குனிந்து எடுக்கக் கூச்சப்படுகிறவருக்கு இந்தத் தொழில் வேண்டாம். டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள், பால் பாத்திரத்தோடு வரும் அம்மாள், நாயைக் கண்டாலே உடம்பு நடுங்கும் மனிதர் என்று எல்லோருக்கும் வழியில் முதலுரிமை உண்டு. நீங்கள்தான் எதிர்ப்பக்கத்துக்குப் போக வேண்டும். மாசிமகத் திருவிழா நாளெல்லாம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நாயோடு கால் வைக்காதீர்கள். தீபாவளிக்கு ஒருவாரம் முன்னும் பின்னும் ஒற்றைக் கயிறு போதாது, இரட்டைக் கயிறு வேண்டும். ஒரு சரவெடிச் சத்தத்தில் பட்டையை அறுத்துக்கொண்டு ஓடிய நாய்களை நான் அறிவேன்.

வெயிலும் தெருவைச் சேர்ந்ததே. கத்தரி வெயிலில் நம் ஊர் நாற்பது பாகையைத் தாண்டுவதை நீங்கள் சூளைக்கு வெளியே நின்றே அனுபவித்திருப்பீர்கள். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்ற உஷ்ணம் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதால்தான் போக வேண்டும். லாப்ரடாரின் பூர்விகம் கனடாவின் குளிர்ந்த கடற்கரை. கைப்பேசி விளம்பரம் ஒன்றில் சிறுவனைத் தொடர்ந்து ஓடிப் பிரசித்தி அடைந்த பக் நாய்க்கோ மூக்கே சப்பை, மூச்சு விடுவதே பிரயாசை. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. மாலை ஆறு மணிக்கும் சில நாள் தார் சுடும். அப்போது மணிமுத்தாற்று மணலில் பொழுது சாய்ந்தபின் நடத்துங்கள். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வந்தால் வெயிலைத் தாங்கும், மனிதனைத் தாங்காது: வேட்டைக்கென்றே வளர்ந்த ஜாதி, ஒரு பூனையோ கீரியோ குறுக்கே ஓடினால் உங்கள் தோள்பட்டை மூட்டைச் சோதித்துவிடும். ராஜபாளையத்துக்கு 2005 ஆம் ஆண்டு தபால் தலையே வெளியிட்டார்கள். கௌரவம் வேறு, கயிறு வேறு.

இனி வீட்டுக்காரர்கள். இந்தத் தொழிலில் நீங்கள் கேட்கப்போகிற வாக்கியங்களில் மிகவும் அபாயகரமானது, ‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாது தம்பி’ என்பது. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னபோது நம்பியே சொன்னேன். வீட்டுக்குள் ஒன்றும் பண்ணாத நாய், அந்நியன் கையில், அந்நியத் தெருவில், எஜமான் கண்ணில் படாதபோது என்ன பண்ணும் என்று எஜமானுக்குத் தெரிய நியாயமில்லை. ஆகவே அந்த வாக்கியத்தைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: இதற்குமுன் யாரையாவது கடித்திருக்கிறதா, கடிக்காவிட்டாலும் பல்லைக் காட்டியிருக்கிறதா, எதைக் கண்டால் மிரளும், கடைசி ஊசி எந்தத் தேதியில்? ஊசி அட்டையை வாயால் சொல்லக் கேட்காமல் கண்ணால் பாருங்கள். அட்டை இல்லையென்றால் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், அதுவரை கயிற்றைத் தொடாதீர்கள். முதல் நான்கு நாள் வீட்டுக்காரரும் கூடவே நடக்கட்டும். மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் பட்டணத்தில் கெடுபிடி வளர்ந்தது. வளர்ப்பு நாய்க்கு உரிமமும், உடம்பில் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி 2025இல் முனைந்து நின்றது. ஆனால் நம் ஊருக்கும் எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 ஆவது பிரிவு, தன் வசத்திலுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி பார்த்துக்கொள்ளாமல் அசிரத்தையாக இருப்பவனுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: ‘தனக்குச் சொந்தமான’ என்று இல்லை, ‘தன் வசத்திலுள்ள’. கடித்த நேரத்தில் கயிறு யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. வீட்டுக்காரர் அப்போது மொட்டைமாடியில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

உங்களுக்கே கடி பட்டால்? சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் தலைமுறையில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. 1907இல் குன்னூரில் ஏற்பட்ட பாஸ்டர் நிலையத்தின் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். இப்போது கையில் போடுகிறார்கள். முதல் நாள், பின்பு மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள் என்று முடிந்துவிடுகிறது. நாயோடு தொழில் செய்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்; தொழில் தொடங்க ஒரு மாதம் இருக்கையிலேயே டாக்டரைக் கேளுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அதற்கு மருந்து இல்லை என்ற ஒன்றே போதும், இதற்கான செலவையும் சிரமத்தையும் நியாயப்படுத்த.

உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு, ரசீதுப் புத்தகம் இவற்றைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பதிவுக்குக் காசு கிடையாது; எவனாவது கேட்டால் கொடுக்காதீர்கள். மழை நாளுக்குக் கூலி உண்டா இல்லையா என்பதை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள், ஐப்பசியில் பேசினால் மனஸ்தாபம் வரும். உங்களோடு இருந்த பெண்பிள்ளைக்கு ஒரு வார்த்தை: வாசலுக்கு வெளியே நாயை வாங்கி, வாசலுக்கு வெளியே ஒப்படைப்பதே வழக்கம் என்று எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிடு அம்மா, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

என் அபிப்பிராயம், நீங்கள் விருத்தாசலத்தில் தொடங்குவதைவிட நெய்வேலியில் தொடங்குவது மேல். டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் மரநிழலுள்ள அகன்ற சாலைகள். பிள்ளைகள் வெளிதேசத்துக்குப் போய்விட, நாயும் பெற்றோரும் மட்டும் மிஞ்சியிருக்கும் வீடுகள் அங்கே கிடைக்கும். நம் தொழிலுக்கு அங்கிருந்து வெண்களிமண் வந்ததுபோல, உங்கள் தொழிலுக்கு வாடிக்கையும் அங்கிருந்து வரட்டுமே. நாலுபேர் நான்கு வட்டத்தைப் பிரித்துக்கொண்டால், ஒருவர் கையில் ஒரு கயிறு என்ற விதியை மீறாமலே கணக்கு ஓரளவு நிமிர்ந்துவிடும். பெரிய சம்பாத்தியம் அல்ல. பகல் முழுவதும் உங்களிடம் மிச்சமிருக்கும், அகல் விளக்குச் சீசனில் பேட்டைக்கு வந்து வர்ணம் அடிக்கலாம்.

‘நாய்க்காரன்’ என்று பெயர் வைப்பார்கள். நாங்கள் சேறு பூசிய வேட்டியோடு பஸ்ஸில் ஏறியபோது எங்களுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, உங்கள் கையிலிருந்து ஒரு நாய் தொலைந்துபோவதைப் பற்றி. போலீசுக்குப் போகாத வீட்டுக்காரர்கூட மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் பேரை எழுதிப் பிராது கட்டிவிடுவார். நம் பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் கோர்ட்டில் உள்ள நம்பிக்கை வேறெதிலும் இல்லை. நாய் திரும்பி வந்தாலும், அவரே மறுபடி போய்ப் பிராதைத் திரும்பப் பெற்று ராஜினாமா எழுதித் தரும்வரை உங்கள் தாயாருக்குத் தூக்கம் இராது. எனவே ஒவ்வொரு பட்டையிலும் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணும் உங்கள் எண்ணும் பொறித்த தகடு தொங்க வேண்டும். அந்தத் தகட்டைப் பீங்கானில் செய்யலாமே என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். உடையும், பித்தளையில் செய்யுங்கள்.

வருகிற திங்கட்கிழமை முதல் ஜூலி ஐந்தரை மணிக்குத் தயாராக இருப்பாள். ஒரு நாளைக்கு ஒருவர் வரலாம். முதல் வாரம் நானும் பின்னால் நடப்பேன், கூலி இரண்டாம் வாரத்திலிருந்து. கயிறு என்னிடம் இருக்கிறது. செருப்போடு வராதீர்கள், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மணல்மேட்டில் அந்தக் காதுவெட்டுக் கறுப்பன் இன்னும் இருக்கிறான். அவனுக்கு ஒரு பொறை பிஸ்கட்.

இப்படிக்கு,
பேட்டையின் பழைய அச்சுக்காரன்